தலைவலிக்குப் பின்மண்டையில் ஊசி: போட்டுக்கொண்டவள் சொல்கிறேன்

"தலையில போயி ஊசி போட்டுக்கிட்டியாமே, மூளைக்கு ஒண்ணும் ஆயிடாதா?" விஷயம் தெரிந்த நாளிலிருந்து உறவிலும் ஊரிலும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்றும் ஆகாது. ஊசி மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. பின்மண்டையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு நரம்பு மேலேறிப் போகிறது. அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்துப்போகிற மருந்தை விடுகிறார்கள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் போடுகிறார்களே, அந்த வகை மருந்துதான். டாக்டர்கள் இதை நெர்வ் பிளாக் என்பார்கள். தலைவலியோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் பயந்து ஒதுங்குகிறார்கள், அல்லது ஒரே ஊசியில் ஜென்மத்துக்கும் சரியாகிவிடும் என்று நம்பிப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேச்சு வந்துவிட்டால் குறுவைக் கடனுக்குக் கூட்டம் நெருக்கும். அடங்கல், சிட்டா, நகை எடை, ரசீது என்று தலை நிமிர நேரம் இருக்காது. குனிந்த தலையோடு இரண்டு மணி நேரம் லெட்ஜர் பார்த்தால் வலது பிடரியில் ஒரு இறுக்கம் பிடிக்கும். அது காதுக்குப் பின்னால் ஏறி, உச்சியைத் தாண்டி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. நடவுக்கு முன்னால் பரம்படித்துத் தண்ணீர் கட்டி வைத்திருக்கிற வயல்களை ஒட்டிப் பஸ் போகும்போது, அந்தத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணில் விழுந்தால் போதும். அய்யம்பேட்டை வருவதற்குள் குமட்டல் வந்துவிடும். பச்சைப்பசேல் என்று எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்து ரசிக்கிற மாதங்களில் நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

ஆரம்பத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்த வலி, வருஷங்கள் போகப் போக, வராத நாளை எண்ணுகிற நிலைக்கு வந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, இப்படி 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று வகைப்படுத்துகிறார்கள். இந்தக் கணக்கு முக்கியம். சாதாரண ஒற்றைத் தலைவலிக்கும் இதற்கும் வைத்தியம் ஒன்றில்லை.

பத்து, தைலம், சுக்கு, எண்ணெய்க் குளியல், கண்ணாடி மாற்றியது எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. தலைவலிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வரிசை மனப்பாடம். தினசரி சாப்பிடுகிற தடுப்பு மாத்திரைகளையும் பார்த்தாயிற்று. அமிட்ரிப்டிலின் தூக்கத்தைக் கொடுத்தது, காலையில் எழுந்திருக்கத்தான் விடவில்லை. டோப்பிரமேட் வலியைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் விரல் நுனியெல்லாம் சுருசுருவென்று இருக்கும், பேசும்போது தெரிந்த வார்த்தை வாய்க்கு வராது. நாள் முழுக்க ஆட்களோடும் தொகைகளோடும் பழகுகிறவளுக்கு அது சரிப்படவில்லை. இரண்டும் நல்ல மருந்துகள்தான், எத்தனையோ பேருக்கு நன்றாகக் கேட்கிறது.

தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டரிடம் போனபோது அவர் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். "வலி மாத்திரை மாசத்துல எத்தனை நாள் போடுறீங்கம்மா?" எத்தனை மாத்திரை என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்டார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கிற டிரிப்டான், எர்காட் வகை அல்லது காஃபின் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளும் அதற்கு மேலும், இப்படி 3 மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், ஏற்கெனவே தலைவலி இருக்கிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும் என்று விளக்கினார். நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. பீடி, வெற்றிலைக்குப் பக்கத்தில் அட்டையாகத் தொங்கும், கத்தரித்துக் கொடுப்பார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் காலையில் டீயோடு ஒன்று போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை. இப்படி ஒரு எல்லை இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

நிறுத்த வேண்டும் என்று சொல்வது சுலபம். நிறுத்தினால் முதல் சில நாள், சிலருக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட, வலி முன்னைவிட மோசமாக வரும். அந்த நாட்களைத் தாண்ட முடியாமல்தான் எல்லோரும் மறுபடி பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். நரம்பு ஊசியின் உண்மையான உபயோகம் எனக்கு இங்கேதான் புரிந்தது. பழைய மாத்திரையை நிறுத்திப் புதுத் தடுப்பு மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை, நடுவில் இருக்கிற அந்தக் கஷ்டமான வாரங்களைக் கடத்திவிட அது உதவும். அந்த எண்ணத்தோடு போட்டுக்கொண்டால் நல்ல சிகிச்சை. ஊசி மட்டும் போதும் என்று போட்டுக்கொண்டால், கொஞ்ச நாள் நிம்மதியோடு முடிந்துவிடும்.

டாக்டர் எழுந்து வந்து பின்மண்டையை விரலால் தடவிக்கொண்டே போனார். பின்மண்டையின் நடுவில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், காதுக்குப் பின்னால் இன்னொரு முண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால், நடு முண்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த நரம்பு வெளியே வருகிறது. அந்த இடத்தில் அவர் விரலை அழுத்தியதும் வலி சுரீரென்று வலது புருவத்துக்கு மேலே போய் நின்றது. அவர் தொட்டது பின்னால், வலித்தது முன்னால். எனக்கே நம்ப முடியவில்லை.

அதற்கான காரணத்தையும் சொன்னார். கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவருகிற செய்தியும், முகத்திலிருந்தும் கண்ணிலிருந்தும் வருகிற முக்கிளை நரம்பின் செய்தியும் மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரண்டு வாய்க்கால் ஒரே வடிகாலில் விழுகிற மாதிரி. வடிகால் நிரம்பி எதிர்த்து ஏறும்போது, ஒரு வாய்க்காலின் மடையை அடைத்தாலும் மற்றதன் பக்கம் வயலில் தண்ணீர் வடிய ஆரம்பிக்கும். பிடரியில் போடுகிற ஊசி கண்ணுக்குப் பின்னால் இருக்கிற வலியைத் தணிப்பது அதனால்தான். மருந்து மரத்துப்போக வைப்பது சில மணி நேரம்தான். ஆனால் தூண்டப்பட்டே இருந்த அந்த இடம் அடங்கிவிட்டால், நிம்மதி மரப்பையும் தாண்டி நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீள்கிறது.

ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றதும் அத்தைக்கு மனசே கேட்கவில்லை. "நரம்புல ஊசி போட்டா நரம்பு செத்துடும்டி. அந்தக் காலத்துல எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் கை விளங்காமப் போச்சு" என்றார். அவர் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. இடம் தெரியாமல் கையிலோ புட்டத்திலோ ஊசி போட்டு நரம்பு பாதிக்கப்பட்ட கதைகள் கிராமத்தில் உண்டு. ஆனால் இந்த நரம்பு தோலின் உணர்ச்சியை மட்டும் கொண்டுபோகிற கிளை. கைகால் அசைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் இதைச் சொன்ன பிறகு அத்தை கூடவே வந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். பூ வேண்டாம். பின்னலைத் தளரப் போட்டால் பின்மண்டை முடியை விலக்குவது சுலபம். முடியை மழிக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசி என்றாலே சிலருக்குத் தலை சுற்றி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், பசியோடு இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள்.

என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்பிரிட் பஞ்சு பிடரியில் சில்லென்று பட்டது. மெல்லிய ஊசி. தோலில் இறங்கும்போது எறும்புக் கடி அளவுதான். எலும்பைத் தொட்டு லேசாகப் பின்னுக்கு இழுத்து, ரத்தக் குழாயில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மருந்தை விட்டபோதுதான் அழுத்தம் தெரிந்தது. மண்டைத் தோல் உள்ளிருந்து உப்பிக்கொண்டு வருகிற உணர்ச்சி. காதுக்குள் நறநறவென்று ஒரு சத்தம். பயப்படும்படியான வலி இல்லை, ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்தச் சத்தம் பயமுறுத்தும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. அப்புறம் பஞ்சு வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, நாடி பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மரத்துப்போகிற மருந்தில் இரண்டு வகை போடுகிறார்கள். லிக்னோகெய்ன் சில நிமிஷங்களில் வேலை செய்ய ஆரம்பிக்கும், சீக்கிரம் விடும். புபிவகெய்ன் கொஞ்சம் தாமதமாகப் பிடித்து அதிக நேரம் நிற்கும். இரண்டையும் கலந்தும் போடுவார்கள். வீட்டுக்கு வந்து தலையை வாரியபோது வலது பக்கம் பின்மண்டையில் சீப்பு படுவது தெரியவில்லை. பல் பல்லாக முடியில் இறங்குகிறது, கையில் தெரிகிறது, தலையில் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த மரப்பு விலகியது. அந்த நேரத்தில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளாதீர்கள், சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வீர்கள். மறுநாள் ஊசி போட்ட இடம் கன்றிப்போன மாதிரி வலித்தது, அது தானாகப் போய்விட்டது.

கண்ணுக்குப் பின்னால் இருந்த வலி ஊசி போட்ட அன்றே இறங்கிவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த வாரங்கள். பெட்டிக்கடை மாத்திரையை நிறுத்தியாயிற்று. வலி எட்டிப் பார்த்தது, மேலே ஏறவில்லை. புதிதாகக் கொடுத்த தடுப்பு மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போனார்கள். அது வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் அவசரப்படவில்லை. நடுவில் மறுபடியும் ஏற ஆரம்பித்தபோது இன்னொரு ஊசி. குறுவை அறுவடை நேரத்தில் என் நோட்டில் வலி இல்லாத நாட்கள் வலி இருந்த நாட்களைத் தாண்டியிருந்தன. அந்த நோட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. தினசரி காலண்டர் தாளில் வலி வந்தால் ஒரு கோடு, மாத்திரை போட்டால் ஒரு வட்டம், மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தே பாதி முடிவுகளை எடுத்தார்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரப்பு மருந்தோடு சிலருக்கு அதையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கு அதைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் எனக்குப் போடவில்லை. கிளஸ்டர் என்கிற கொத்துத் தலைவலிக்கு நிலைமை வேறு, அங்கே ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மன்னார்குடி பக்கம் எங்கள் உறவுக்கார அண்ணன் ஒருவர், நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. வருஷத்தில் ஒரு பருவத்தில் மட்டும், ராத்திரி தூங்கிக் கொஞ்ச நேரத்தில், அடித்து எழுப்புகிற வலி வரும். ஒரே கண், அதில் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். படுக்க முடியாமல் வாசலில் நடந்துகொண்டே இருப்பார். நெல் தூசியால் வந்த சைனஸ் என்றே ரொம்ப நாள் பார்த்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருட்டில் அசையாமல் படுத்துக்கொள்வார்கள், கொத்துத் தலைவலிக்காரர்களால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் டாக்டர் பிடித்தார். அண்ணனுக்கு ஸ்டீராய்டு சேர்த்து ஊசி போட்டார்கள், ராத்திரி வலி அடங்கியது. அவருக்குச் சர்க்கரை உண்டு. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னாலேயே எச்சரித்திருந்ததால் மாத்திரையை அதற்கேற்ப டாக்டரே மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை இருக்கிறவர்கள் "இதுல ஸ்டீராய்டு சேர்க்கிறீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு போட்ட இடத்தில் சிலருக்கு முடி கொட்டி வட்டமாகத் தெரியும், தோல் சற்றே பள்ளமாகும். முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

வேறு எதையெல்லாம் டாக்டரிடம் மறைக்கக்கூடாது? பல் வைத்தியத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டு அலர்ஜி ஆனது, இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரை, மண்டையில் நடந்த ஆபரேஷன், பின்மண்டையில் புண், கர்ப்பம். கர்ப்பிணிகளுக்குப் பல மாத்திரைகள் கொடுக்க முடியாது என்பதால் லிக்னோகெய்ன் மட்டும் வைத்து இந்த ஊசியை யோசிப்பதும் உண்டு. அது டாக்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டியது.

இதை நரம்பியல் டாக்டரும் போடுவார், மயக்க மருந்து படித்து வலி சிகிச்சை பார்க்கிற டாக்டரும் போடுவார். சிலர் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே போடுவார்கள், சிலர் எலும்பு அடையாளத்தை வைத்தே போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போட்டு அனுப்புகிற வலி ஊசி இது இல்லை. போட்டாக்ஸும் இது இல்லை. போட்டாக்ஸ் நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 12 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவது, விலையும் மிக அதிகம். மரப்பு மருந்து விலை மலிவானது. மீதியெல்லாம் டாக்டர் கட்டணமும் ஆஸ்பத்திரிக் கட்டணமும்தான். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியை நினைப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய தலைவலிகள் சில உண்டு. இதில் யாரும் தாமதிக்கக்கூடாது என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது. கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு. 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது. இருமினால், குனிந்தால் ஏறுவது. தலையில் அடிபட்ட பிறகு வருவது. கர்ப்ப காலத்திலோ, பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்த பிறகோ புதிதாக வருகிற தலைவலி. பிள்ளை பெற்றவளுக்குப் "பத்திய உடம்பு, காத்து பட்டிருக்கும்" என்று காதில் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டுவிடுகிறோம். மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது அந்த நாட்களில்தான் அதிகம். அவளை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஊசி எல்லோருக்கும் கேட்காது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எனக்குக் கேட்டதைப் பார்த்துவிட்டு அதே டாக்டரிடம் போனார். அழுத்திப் பார்த்தார்கள், ஊசியும் போட்டார்கள். பின்மண்டை நன்றாக மரத்தது, வலி மட்டும் அப்படியே இருந்தது. சரியான இடத்தில்தான் மருந்து போயிருக்கிறது, உங்கள் வலி இதற்கு அடங்குகிற வலி இல்லை என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு வருத்தம்தான், ஆனால் திரும்பத் திரும்ப ஊசிக்குச் செலவழிக்கவில்லை. ஆஸ்துமா இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ப்ராப்ரனலால் என்கிற தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதில் அவருக்கு வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. அவரும் இப்போது காலண்டர் தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை தஞ்சாவூருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகப்போகிறோம்.